நூற்றெழுபது வோல்ட்

மண்டூரில் எங்கள் வாஷிங் மெசின், நுரை படிந்த துணிகளோடு சுற்றுவதும் நிற்பதுமாக இருந்தது. விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்ற திமிரில் அதைக் கழற்றப் போனேன்.

"முதல்ல கரண்ட அளந்து பாருங்க" என்றாள் மனைவி.

பிளக் பொயின்டில் வோல்ட் மீற்றரை வைத்தேன். இருநூற்று முப்பது காட்டவேண்டிய இடத்தில் நூற்றெழுபது காட்டியது. பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் சீறும்போதெல்லாம் இன்னும் இறங்கியது. சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்குப் போனேன்.

"உங்கட வெல்டிங்கால எங்கட மெசின் சாகுது, நிப்பாட்டுங்க!"

வெல்டிங்காரர் முகமூடியைத் தூக்கினார். "நிப்பாட்டுறன் சேர். ஒட்டுறது உங்கட வீட்டு வாசல் கேற்றத்தான். இண்டைக்கே வேணுமெண்டு நிண்டது நீங்கதானே?"

"ஒட்டுங்க, ஒட்டுங்க" என்று திரும்பினேன்.

"என்ன பிழையாம்?" என்றாள் மனைவி.

"லைன் பலவீனம்" என்றேன், வகுப்பில் சொல்கிற அதே குரலில்.

வெல்டிங்காரர் பகல் சாப்பாட்டுக்குப் போன பிறகுதான் மெசின் ஓடி முடிந்தது.