அக்கா திறந்து வைத்திருந்த கோப்பு

மூன்றே ஞாயிற்றுக்கிழமைகளில், என் கை ராசியில்லாத கை என்று பாவா முடிவு கட்டிவிட்டார்.

பாவா என் அக்காவின் வீட்டுக்காரர். அம்மையார்குப்பத்தில் இருவரும் ஆளுக்கொரு விசைத்தறி ஓட்டினார்கள். நான் திருத்தணியிலிருந்து தினமும் ரயிலேறி சென்னைக்குப் போய், ஒரு சின்ன கம்பெனியில் லினக்ஸ் கம்ப்யூட்டர்களுக்கு டிரைவர் நிரல்கள் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஆபீஸில் கழித்துப் போட்ட ஒரு கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கிவந்து தறிக்கூடத்து மூலையில் வைத்ததும், இரண்டு தறியிலும் சென்சார் பொருத்தியதும் என்னுடைய ஆர்வக்கோளாறு. நூல் அறுந்து தறி நின்றால் எண்ணிக்கையில் ஒன்று கூடும். அவ்வளவுதான்.

முதல் வாரமே குடும்பத்தில் குழப்பம்.

"என் தறில ஒரே நாள்ல இருபத்தி ரெண்டு தபா அறுந்துச்சாம், உங்க அக்கா தறில ஏழு தபாவாம். இன்னாம்மா இது? உன் மிஷினு அக்கா கட்சியா?" என்றார் பாவா.

எனக்கும் சந்தேகம் வந்தது. சென்சாரின் சுவிட்ச் ஒரு தடவை அதிர்ந்தால் அதையே இரண்டு மூன்றாக எண்ணிவிடலாம். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் திருத்திய மாட்யூலோடு பஸ் ஏறினேன். மாட்யூல் என்பது, கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே லினக்ஸின் மையமான கர்னலில் சேர்க்கவும் கழற்றவும் கூடிய ஒரு துண்டு நிரல். பழையதைக் கழற்றி, புதியதைச் சேர்த்தால் வேலை முடிந்தது. திருத்தணி வீட்டில் இதை ஐம்பது தடவை செய்து பார்த்திருப்பேன். ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

அம்மையார்குப்பத்தில் மட்டும், கழற்றிய சில நொடிகளில் திரை முழுக்க எண்ணும் எழுத்துமாகக் கொட்டி கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துவிடும். மூன்று ஞாயிறும் இதே கதை.

"நீங்க யாராவது தொட்டீங்களா பாவா?"

"நான் ஏன் தொடப்போறேன்? ஆறு நாளு ஒழுங்கா ஓடிகினு இருக்குது. ஏழாவது நாளு நீ வர்ற, செத்துப்போவுது. யாரு கைன்னு நீயே சொல்லு."

தறிச் சத்தத்திலும் அக்கா சிரித்தது எனக்குக் கேட்டது.

மூன்றாவது ஞாயிறு, திரையில் இருந்ததை ஒரு வரி விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டே வந்தபோது ஒரு வரியில் கண் நின்றது. கம்ப்யூட்டர் உயிரை விட்ட நேரத்தில் எந்த நிரல் ஓடிக்கொண்டிருந்தது என்று அதில் இருந்தது. நான் எழுதிய நிரல்தான். எண்ணிக்கையை ஐந்து நொடிக்கு ஒரு தடவை திரையில் காட்டும் குட்டி நிரல். ஆனால் அன்றைக்கு அதை நான் ஓட்டவே இல்லை!

எண்ணிக்கை சரியா என்று சோதிக்க, மாட்யூலுக்குள் ஒரு பிழைதேடும் கோப்பு வைத்திருந்தேன். அது டிஸ்கில் இருக்கும் கோப்பு அல்ல. யாராவது அதைப் படித்தால், மாட்யூலில் உள்ள ஒரு நிரல்பகுதி ஓடி, அந்த நேரத்து எண்ணிக்கையைச் சொல்லும். குட்டி நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி படிக்கும். நடுவில் மாட்யூலைக் கழற்றினால், கோப்பு திறந்தே இருக்கும். பதில் சொல்லவேண்டிய நிரல்பகுதி மட்டும் இருக்காது. அடுத்த ஐந்தாவது நொடியில் கர்னல் ஒன்றுமில்லாத இடத்தில் போய்க் காலை வைக்கும்.

அடுத்த ஞாயிறு போனதும், மாட்யூலைத் தொடாமல், அதே கம்ப்யூட்டரில் பட்டனை அமுக்கினால் வரும் இரண்டாவது திரைக்கு மாறிப் பார்த்தேன். என் குட்டி நிரல் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

"பாவா!"

"நான் இல்ல" என்றார் அவர், என்ன ஏதென்று கேட்காமலே.

அக்கா தறியை நிறுத்தினாள்.

"ஆங், நான்தான் போட்டு வெச்சிருக்கேன். நீதானே அன்னிக்கு எந்த பட்டனை அமுக்கணும்னு காட்டினே? அவரு எத்தினி தபா அறுக்கறாருன்னு தெரியவேணாமா?"

"தொட்டீங்களான்னு மூணு வாரமா கேட்டுகினு இருக்கேனே, ஏன்க்கா சொல்லல?"

"தொடலையேடி. பாத்துகினுதானே இருந்தேன்!"

பாவா என் கையை எடுத்துப் பார்த்து, "நல்ல கைதாம்மா" என்று பெருந்தன்மையாக விடுவித்தார்.

தப்பு அக்காவுடையதும் அல்ல. மாட்யூலை எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கர்னல் கணக்கு வைத்திருக்கும். ஒருவர் இருந்தாலும் கழற்ற விடாது. ஆனால் இந்தக் கோப்பு இந்த மாட்யூலைச் சேர்ந்தது என்று ஒரு வரி எழுதியிருக்கவேண்டும். அந்த வரியை நான் விட்டுவிட்டேன். அதனால் கர்னலைப் பொறுத்தவரை அக்கா என்று ஒருத்தி இல்லவே இல்லை.

அக்காவை மூடச் சொல்லிப் பழையதைக் கழற்றினேன். கம்ப்யூட்டர் சாகவில்லை. அந்த ஒரு வரியைச் சேர்த்த புதியதை ஏற்றி, அக்காவை மறுபடி திறக்கச் சொல்லிக் கழற்றிப் பார்த்தேன். 'மாட்யூல் பயன்பாட்டில் இருக்கிறது' என்று மறுத்துவிட்டது. மறுக்கப்பட்டதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அன்றுதான்.

சந்தோஷம் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. இன்னொரு திருத்தம் போட நினைத்து, "அக்கா, கொஞ்சம் மூடேன்" என்றேன்.

"இரு, அவரு இன்னும் ரெண்டு தபா அறுக்கட்டும்."

அக்காவிடம் அனுமதி வாங்கித்தான் இனி கர்னல் வேலை செய்யவேண்டும் போலிருந்தது. கடைசியில் குட்டி நிரலையே மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் கோப்பைத் திறந்து, படித்து, உடனே மூடிவிட வேண்டும். கோப்பு இல்லாவிட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும். மாட்யூலும் விலகும்போது முதலில் கோப்பை எடுத்துவிட்டு, பிறகுதான் மற்றதைக் காலி செய்யும்படி வரிசையைத் திருத்தினேன்.

இத்தனை செய்தும் எண்ணிக்கை மாறவில்லை. பாவா தறியில் மூன்று மடங்கு அறுந்துகொண்டுதான் இருந்தது.

"ஒரு நாளு தறிய மாத்தி ஓட்டலாம். அப்போ தெரிஞ்சுடும் யாரு கைன்னு" என்றாள் அக்கா.

மாற்றி ஓட்டினார்கள். சாயங்காலத்துக்குள் பாவாவின் தறியை ஓட்டிய அக்காவுக்குப் பத்தொன்பது, அக்காவின் தறியை ஓட்டிய பாவாவுக்கு ஆறு. பாவா திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்தார். அக்கா பள்ளிப்பட்டிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தாள். அவர் ஊடை நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடாவை எடுத்து, விளிம்பில் விரலை ஓட்டி, "இதோ, சிலும்பிகினு இருக்குது பாருங்க" என்றார். உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்த பிறகு இரண்டு தறியும் ஏறக்குறையச் சமமாயின.

அடுத்த தடவை நான் போனபோது யாரிடமும் கேட்காமல் மாட்யூலைக் கழற்றினேன். ஐந்து நொடி, பத்து நொடி, ஒரு நிமிடம். கம்ப்யூட்டர் உறையவே இல்லை. ஓடிக்கொண்டிருந்த தறியை விட்டு எட்டிப் பார்த்த அக்காதான் கத்தினாள்.

"ஏய், கோப்பு இல்லைன்னு வருது! என் கணக்கு எங்கடி போச்சு?"