துரை சொன்ன சொல்லும் ஊர் நட்ட கம்பமும்

இருவர் பேச்சுக்கு நடுவே நின்று பிழைக்கும் மொழிபெயர்ப்பாளனுக்கு இருபுறமும் ஏச்சு உண்டு. நன்றி ஒருபுறமும் இல்லை. ஆங்கிலம் கற்று அவதிப்படும் அன்பர்களே, 'புட்' என்றால் 'வை' என்று நம் வாத்தியார்கள் சொல்லிக் கொடுத்ததை நம்பித்தான் நானும், காவிரியில் அணை எழும்பிய காலத்தில், நிலம் எடுக்கும் துரை ஒருவரின் முகாமில் வேலைக்கு அமர்ந்தேன்.

புட் அப்

முதல் முகாமிலேயே செங்கோடக் கவுண்டர் மனுவோடு வந்தார். நீரில் மூழ்கவிருந்த ஊரொன்றின் பெரியவர் அவர். மாரியம்மன் பண்டிகை தொடங்கியதென்று பூச்சாட்டி, கம்பம் பிடுங்கவும் நாள் குறித்துக் கோவில் முன் அதை நட்டபின், ஊரைக் காலி செய்யும் உத்தரவு வந்துவிட்டது. முக்கிளையுள்ள அந்த மரத்தை அம்மனின் கணவனாகவே அவ்வூரார் வணங்குவர். குறித்த நாளில் அதைப் பிடுங்கி ஆற்றில் விடும்வரை எவரும் ஊரை விட்டு வெளியே தங்கார். எந்த வீட்டிலும் கலியாணம் நடவாது. கம்பம் பிடுங்கியபின் கவுண்டரின் மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. அதுவரை தவணை வேண்டும் என்பதே மனு.

துரை நிமிர்ந்தும் பாராமல், 'புட் இட் அப்' என்றார். மேலே தூக்கி வைப்பதா என்று நான் விழித்தேன். குறிப்பெழுதித் தம் பார்வைக்கு வைக்கச் சொல்கிறார் என்று தலைமைக் குமாஸ்தா காதில் ஓதினார். அதையே கவுண்டரிடம் சொன்னேன். அவர் கும்பிட்டுச் சொன்னது: "வெக்கட்டுங்க சாமி. காயிதம் மேசை மேல எத்தன நாளு வேண்ணாலும் கெடக்கும். எங்க கம்பத்துக்குத்தான் நாளு குறிச்சிருக்குதுங்க."

புட் ஆஃப்

அடுத்த முகாமில் மனுவை நீட்டினேன். துரை தூண்டிலை எடுத்துக்கொண்டிருந்தார். ஆற்றில் மீன் நன்றாகக் கடிக்கும் வேளையாம். 'புட் இட் ஆஃப்' என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார். ஒத்திவைப்பது என்று அதற்குப் பொருள். ஒத்திவைத்தது மனுவைத்தான், அணையில் ஏறிவரும் வெள்ளத்தை அன்று என்பதையும் கவுண்டர் வீட்டாரிடம் மறைக்காமல் சொன்னேன்.

ஒருவனிடம் ஒரே ஒரு சாவி இருந்ததாம். அதைக்கொண்டு ஊரிலுள்ள கதவுகளையெல்லாம் பூட்டினானாம். திறக்க மட்டும் ஒருநாளும் அதை எடுத்ததில்லையாம். அதிகாரத்தில் இருப்பவன் கையில் ஒரு சிறு சொல் அகப்பட்டாலும் அப்படித்தான். கவுண்டரின் மனைவி பாவாயி அம்மாள் ஆற்றுப் பக்கம் பார்த்தபடி கேட்டார்: "மனுவ ஒத்தி வெச்சது சரிங்க சாமி. போற வழியில தண்ணிக்கும் ஒரு வார்த்த சொல்லீட்டுப் போறாருங்களா தொரை?"

புட் டவுன்

மூன்றாம் முறை துரை மனுவைப் படிக்கக் கேட்டார், சிரித்தார். 'புட் இட் டவுன் டு சூப்பர்ஸ்டிஷன்' என்றார். இவர்கள் நகர மறுப்பதற்குக் காரணம் மூடநம்பிக்கையே என்று முடிவு கட்டிவிட்டார். முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் மழையில் கூடாரம் ஒழுகியபோதும், ஓய்வு நாளில் முகாமை மாற்றலாகாது என்று அதே துரை நனைந்துகொண்டே வேதம் படித்தார். அந்த உறுதியைக் கண்டு நான் உள்ளபடியே வணங்கினேன். பிறனுடைய உறுதியையும் வணங்க அவருக்கு யாரும் கற்பிக்கவில்லை.

பேனா ஓடாமல் நின்றேன். தலைமைக் குமாஸ்தா சொன்னார்: "எழுதும் ஐயா! ஞாயிற்றுக்கிழமை அவர் மதம். கம்பம் இவங்க மூடநம்பிக்கை. இதுக்கு அகராதி வேறயா பார்க்கணும்?"

புட் அப் வித்

குறித்த நாளுக்கு முன்பே சேவகர்கள் வந்து மக்களையும் மாடுகளையும் மேட்டு நிலத்துக்கு ஓட்டிவிட்டார்கள். முன்னதாகக் கம்பத்தைப் பிடுங்க எவருக்கும் கை எழவில்லை. குறித்த நாளில் பிடுங்கப் போனவர்கள் தண்ணீருக்கு மேல் கோவில் கோபுரத்தின் நுனியைத்தான் கண்டார்கள். கம்பம் அடியில் நின்றது. அது பிடுங்கப்படாத ஊரில் பெண்ணெடுக்க அஞ்சி, மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கவுண்டர் கடைசியாக முகாமுக்கு வந்தார். துரை, 'தே மஸ்ட் புட் அப் வித் இட்' என்றார். பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று பொருள். இளைஞர்களே, சொற்களைக் கசடறக் கற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லும் யார் தலையில் இறங்குகிறது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். நான் தமிழில் சொன்னதும் கவுண்டர் துரையைப் பார்க்கவில்லை; என்னைப் பார்த்தார்: "புடுங்குன கம்பத்த நாங்க கொண்டுபோயி ஆத்துல உடுவோமுங்க சாமி. ஆறு ஊருக்குள்ள வந்து எடுத்துக்கிட்டா, அத எப்படிங்க பொறுத்துக்கறது? எம்புள்ளைக்கு இனி எந்த ஊருல நானு பந்தல் போடறது?"

'புட்' என்ற அந்த ஒரு சொல்லைக்கொண்டு துரை ஓர் ஊரையே காலி செய்துவிட்டார். ஒரு கம்பத்தைப் பிடுங்கிக்கொள்ளத் தவணை தரும் பொருள் மட்டும் அதற்கு இருந்ததாக நான் இன்றளவும் எந்த அகராதியிலும் காணவில்லை.