கீறாத பலாக்கொட்டை

தம்பியை "அவர்கள்" போட்டு எழுதுவது எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் இல்லாத வழக்கம். நினைவு மலர் அச்சிடும் மைத்துனர் விடவில்லை. "இதுலயாச்சும் மரியாதையா எழுதுங்க மச்சான்" என்றார். எழுதுகிறேன்.

தம்பி அவர்கள் தெஹியோவிட்டைக்கு மேலே, றப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் குடும்பத்தில் பிறந்தார். அப்பாவைச் சீக்கிரமே இழந்தோம். வீட்டில் பசி இருந்தது. அதைவிட அதிகமாக அவரிடம் "ஏன்" இருந்தது.

அவிசாவளைப் பக்கம் பழைய இரும்பை உருக்கும் பட்டறையொன்றில் இருவருக்கும் வேலை கிடைத்தது. சிங்களத் தோழர்கள் அவரை "மல்லி" என்றார்கள். அதுவும் தம்பிதான். என்னை என்னவென்று அழைத்தார்கள் என்பதை எழுத இங்கே இடமில்லை.

எங்கள் பக்கத்து மழையைத்தான் தெரியுமே. நனைந்த இரும்பை உருகிய குழம்பில் போட்டால், ஈரம் சட்டென்று ஆவியாகிக் குழம்பை முகத்தில் அடிக்கும். அதனால் உலையிலிருந்து வெளியேறும் சூட்டை ஒரு பெரிய இரும்புப் பெட்டிக்குள் விட்டு, பழைய இரும்பை அங்கே காயவைத்துச் சூடேற்றிய பிறகே உலையில் போடுவோம். அப்படிப் போட்டால் சீக்கிரம் உருகவும் செய்யும். பெட்டி தம்பி அவர்களின் பொறுப்பு. அதன்மேல் பால்மா டின்னை வைத்துப் பலாக்கொட்டை சுடுவது என் பொறுப்பு.

ஒருநாள் பெட்டிப் பக்கம் டமார் என்றது. ஏதோ பறந்து கூரைத் தகரத்தில் அடித்தது. அவர் நின்ற இடத்தில் புகைதான் தெரிந்தது. நான் செருப்பை உதறிவிட்டுச் சந்திக்கு ஓடி, புறப்பட்டுக்கொண்டிருந்த பஸ்ஸில் தொங்கி, லயத்தில் போய் நின்றேன்.

"உலை வெடிச்சிருச்சும்மா. தம்பி உள்ள."

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்த தம்பி மனைவி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கினார்கள்.

அடுத்த பஸ்ஸில் தம்பி அவர்கள் வந்து இறங்கினார். ஒரு கையில் என் செருப்பு, மறு கையில் கருகிப் பிளந்த பலாக்கொட்டை.

"யாருண்ணே செத்தது?"

"நீதான்டா."

"அப்படியா. கொட்டைய கீறிப் போட்டீங்களா, முழுசா போட்டீங்களா?"

"முழுசா. டின்னையும் இறுக்கி மூடினேன்."

அம்மா அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு என்னை அடித்தார். அந்த அமளிக்கு நடுவிலும் தம்பி அவர்கள் கொட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ளுக்க ஈரம், வெளிய போக வழியில்ல. ரெண்டு பக்கமும் அடைச்ச குழாயும் இப்படித்தானேண்ணே?"

அதன்பின் மூடிய குழாய் எதையும் வெட்டித் திறக்காமல் பெட்டியில் ஏற்ற அவர் விடவில்லை. ஒருமுறை அப்படி வெட்டிய ஒன்றுக்குள் பழைய எண்ணெய் நிறைந்திருந்தது. அதுவரை அவரைக் கேலி செய்தவர்கள் அன்று சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து இரும்பு ஏற்றும்போதெல்லாம், "கொஸ் எட்ட கெபுவத மல்லி?" என்று கேட்பார்கள். பலாக்கொட்டையைக் கீறியாச்சா தம்பி என்று அர்த்தம். அந்தப் பெட்டியால் பட்டறையில் ஒருவருக்கும் காயம் வந்ததில்லை.

சென்ற ஆண்டு நெஞ்சு நோயால் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், ஒட்சிசன் சிலிண்டரைக் காட்டி, "இதுல வெளிய போக வழி எங்க மிஸ் இருக்கு?" என்று தாதியிடம் கேட்டார். பொறுமையாகக் காட்டிய அந்தத் தாதிக்கு நன்றி. பாடை சுமந்த தோட்டத்தாருக்கும், மழையில் நனைந்து வந்த பட்டறைத் தோழர்களுக்கும் நன்றி.

அவர் இறந்த செய்தி வந்தபோது நான் பதறவில்லை. அன்று நான் கொண்டுபோன செய்தியைப் போல இதுவும் பொய்யாகத்தான் இருக்கும் என்று சந்திக்குப் போய் நின்றேன். ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்தேன். வெறுங்காலோடு நின்ற எனக்கு, செருப்பைக் கொண்டுவந்து போட்டு வீட்டுக்கு அழைத்து வந்த பட்டறைத் தோழருக்குத் தனியாக நன்றி.