கத்த வேண்டிய நேரத்தில் மட்டும் கத்தும் பஸ்ஸர்

துறைமுகத்தில் கிரேன்களின் சென்சார்களைப் பராமரிக்கும் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தேன். பிறகு அதை விட்டுவிட்டு, மில்லர்புரத்தில் ஒரு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு எலக்ட்ரானிக்ஸும் கோடிங்கும் சொல்லித்தரச் சேர்ந்தேன்.

1. முதல் வகுப்பு

கரண்ட், வோல்டேஜ் என்று இருபது நிமிடம் போர்டில் எழுதினேன். திரும்பிப் பார்த்தால் ஐந்தாம் வகுப்பு ஜெனிபா எல்.இ.டி.யை நேராக ஒன்பது வோல்ட் பேட்டரியில் கொடுத்துவிட்டாள். பளிச்சென்று எரிந்து, கருகிய வாடையோடு அணைந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"இது ஏன் மிஸ் செத்துப்போச்சு?" என்றாள்.

மொத்த வகுப்பும் அவள் மேசையைச் சுற்றிக் கூடிவிட்டது. கரண்ட்டை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டரை எடுத்துக் கையில் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் எல்லா மேசையிலும் விளக்கு எரிந்தது. மணி அடித்தும் யாரும் வெளியே போகவில்லை.

2. வள்ளத்துக்கு அலாரம்

இரண்டு மாதம் கழித்து ஜெனிபாவே ஒரு ப்ராஜெக்ட் கொண்டுவந்தாள். அவள் அப்பா வள்ளத்தில், சின்னப் படகில், மீன் பிடிக்கப் போகிறவர்.

"அப்பா வள்ளத்துல பலகைக்கு அடியில தண்ணி ஏறுனா சட்டுனு தெரியாது மிஸ். தண்ணி வந்தா கத்துத மாதிரி ஒண்ணு செய்வமா?"

அவளும் அவளுடைய கூட்டாளி ஆசிக்கும் செய்தார்கள். இரண்டு ஒயர், ஒரு பஸ்ஸர், சின்ன கண்ட்ரோலர் போர்டு. ஒயர் இரண்டையும் தண்ணீர் தொட்டால் பஸ்ஸர் கத்த வேண்டும். வகுப்பில் வாளித் தண்ணீரில் அருமையாக வேலை செய்தது.

சனிக்கிழமை கடற்கரையில் வள்ளத்தில் வைத்தோம். கடல் தண்ணீரை ஊற்றினோம், கத்தியது. இறைத்துக் கொட்டிய பிறகும் கத்திக்கொண்டே இருந்தது.

"தண்ணி இல்லாமலே கத்துதே டீச்சர்" என்று சிரித்தார் ஜெனிபாவின் அப்பா சேவியர்.

எனக்கு மானம் போனது. பிள்ளைகளிடமிருந்து லேப்டாப்பை வாங்கி, எவ்வளவு ஈரத்துக்குக் கத்த வேண்டும் என்று கோடில் இருந்த நம்பரை மாற்றினேன், திரும்ப மாற்றினேன். பயனில்லை. அதற்குள் ஆசிக் ஒரு துணியால் ஒயர்களுக்கு நடுவே துடைத்தான். சத்தம் நின்றது.

"உப்பு ஈரம் ஒட்டிக்கிட்டு இருக்கு மிஸ். அதுல கரண்ட் போவுது."

"அப்பம் ஒயர் தண்ணியில படவே கூடாது" என்றாள் ஜெனிபா. "டேங்க்ல பந்து மெதக்கும்லா, அது மாதிரி வப்போம்."

வலை மிதவையில் ஒரு துண்டை வெட்டி, அது மேலே எழும்பினால் ஸ்விட்சை அழுத்தும்படி செய்தார்கள். அலையில் வள்ளம் ஆடும்போதெல்லாம் ஸ்விட்ச் பட்டு பஸ்ஸர் கத்தியது. ஆசிக் மணலில் உட்கார்ந்து, ஸ்விட்ச் ஐந்து விநாடி தொடர்ந்து அழுந்தினால் மட்டும் கத்து என்று கோடை மாற்றினான். இந்த முறை நான் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதுதான் கஷ்டமாக இருந்தது.

வள்ளத்தை ஆட்டினோம், சத்தமில்லை. தண்ணீரை ஊற்றினோம். இரண்டு பேரும் ஒன்று, இரண்டு என்று எண்ணினார்கள். ஐந்தில் கத்தியது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் சேவியர் பள்ளிக்கே வந்தார்.

"நேத்து நடுக்கடல்ல கத்திச்சு டீச்சர். பாத்தா அடியில ஓட்டைய அடச்சிருந்த தக்கை தளந்து தண்ணி ஏறிக்கிட்டு கெடக்கு. உடனே அடச்சிட்டேன்." பிறகு மகளிடம் திரும்பினார். "ஏளா, சித்தப்பா வள்ளத்துக்கும் ஒண்ணு வேணும்னு சொல்லுதான்."

"சித்தப்பாவ வரச் சொல்லுங்கப்பா, செஞ்சு காட்டுதோம்" என்றாள் அவள்.

ஆசிரியர் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளைகள் செய்தது தப்பாக ஓடும்போது லேப்டாப்பைப் பிடுங்காதீர்கள். வாளித் தண்ணீரில் சரியாக ஓடியபோது அவர்கள் என்னிடம் படித்தார்கள். கடல் தண்ணீரில் தப்பாக ஓடியபோதுதான் இன்ஜினியர் ஆனார்கள்.