மிசூரிப் புத்தகமும் இரண்டு கடிதங்களும்

மெல்பேர்னின் வடக்குப் பக்கத்தில் இருந்த தடுப்பு முகாமுக்கு நான் கொண்டுபோன முதல் சாமான் ஒரு தடித்த புத்தகம். கிளென் வேவர்லியில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருந்த பழைய சாமான் கடையில் எடுத்தது. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தோடு தொடர்புள்ள புகழ்பெற்றவர்களையும் பேர்கெட்டவர்களையும் பற்றியது. அந்த மாநிலம் வரைபடத்தில் எங்கே கிடக்கிறது என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன். ஆனால் எழுத்து பெரிது, இங்கிலீசு லேசு, பக்கத்துக்கு ஒரு ஆள், எல்லோருக்கும் படம். "சண்டை இல்லாத, சின்னப்பிள்ளையளுக்கு எழுதாத ஒரு புத்தகம் கொண்டு வாங்கோ அண்ணை, இங்கிலீசு பழக" என்று நான் பார்க்கப் போன ஆள் கேட்டிருந்தார். அந்த இரண்டு நிபந்தனைக்கும் ஓரளவு பொருந்தியது இதுதான்.

அவர் 2010 தொடக்கத்தில் இலங்கையிலிருந்து படகில் வந்தவர். நாற்பதை நெருங்கிய வயது. வன்னியில் சொந்த ட்ராக்டர் வைத்து ஊரார் வயலை உழுது பிழைத்தவர். போரின் கடைசி மாதங்களில் அந்த ட்ராக்டருக்குப் பின்னால் இழுக்கும் பெட்டியில் காயப்பட்டவர்களை ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஆஸ்பத்திரி இடம் மாறினால் மாறிய இடத்துக்கு ஓடினார். எத்தனை பேர் என்று கேட்டால், "ஆர் எண்ணினது" என்பார். மனைவியும் மகளும் மன்னாரில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தார்கள். அவர் வெளியே வந்தால்தான் அவர்களைக் கூப்பிட முடியும். அவர் சாப்பிட்டதும் தூங்கியதும் இங்கிலீசு படித்ததும் அந்த ஒன்றுக்காகத்தான்.

நான் அங்கே போகத் தொடங்கியது பெரிய இரக்கத்தால் அல்ல. பார்க்க வர ஆளில்லாத சிலர் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வர முடியுமா என்று கோயிலில் ஒருவர் கேட்டார். நான் இழுத்தேன். பக்கத்தில் நின்ற மனைவி, "போட்டு வாங்கோ, வீட்டில இருந்து டிவியோட சண்டை பிடிக்கிறதுக்கு அது திறம்" என்றாள். அப்படித்தான் போனேன்.

வாசலில் பேர் எழுதி, போனைப் பெட்டியில் பூட்டி, கையில் பட்டி கட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். பார்வையாளர் மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரைகளும் குளிர்பான மெஷின் ஒன்றும் இருந்தன. மூலைக் கதிரையில் உட்கார்ந்து வாரத்துக்கு இரண்டு ஆட்களாக வாசித்தோம். புத்தகத்தின் முன்பாதி புகழ்பெற்றவர்களுக்கு: ஒரு ஜனாதிபதி, ஒரு டொக்டர், பந்தடிகாரர்கள், பாட்டுக்காரிகள். பின்பாதி மற்றவர்களுக்கு: வங்கிக் கொள்ளைக்காரர்கள், ரயிலை மறித்தவர்கள், குதிரைத் திருடர்கள். அவர் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசிப்பார். நான் பிழை திருத்துவேன். பின்பாதிதான் அவருக்குப் பிடித்தது. ஒரு கொள்ளைக்காரனின் படத்தைப் பார்த்துவிட்டு, "இவர் அச்சொட்டா எங்கட ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர், அண்ணை. மீசை கூட அதே மீசை" என்றார். இரண்டு கணவன்மாருக்கு நஞ்சு வைத்த ஒரு பெண்ணின் கதையில், அவள் மூன்றாவதாகவும் கலியாணம் செய்தாள் என்று வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டார். "அந்த மூண்டாவது ஆள் ஒருத்தரிட்டையும் விசாரிக்கேல்லையே?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். காவலாளி திரும்பிப் பார்த்தான்.

ஒருநாள் வேறொன்றைக் கண்டுபிடித்தார். அந்தப் புத்தகத்தில் இருந்த பாதிப்பேர் மிசூரியில் வாழ்ந்தவர்களே இல்லை. ஒருவர் அங்கே பிறந்து ஆறு மாதத்தில் போய்விட்டார். இன்னொருவர் வழியில் மழைக்கு ஒதுங்கி ஒரு வாரம் தங்கினார். ஒரு திருடன் அங்கே பிடிபட்டான், அவ்வளவுதான்.

"ஒரு கிழமை இருந்தவனையும் தங்கட ஆள் எண்டு எழுதி வச்சிருக்கிறாங்கள்" என்றார். "கள்ளனையும் எங்கட கள்ளன் எண்டுறாங்கள். நான் இஞ்ச வந்து பத்து மாசம். என்னை ஒருத்தனும் கேக்கேல்லை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

முன்பாதியில் அவர் திரும்பத் திரும்ப வாசித்த பக்கம் ஒன்றுதான். அடிமை முறை இருந்த காலத்தில், தப்பியோடி வந்தவர்களைத் தன் படகில் ஆற்றின் மறுகரைக்கு ஏற்றிவிட்ட ஒருவரைப் பற்றியது. அந்தக் காலத்துச் சட்டப்படி அது களவு. ஊரார் அவரைக் கள்ளன் என்றார்கள். பிடித்து மறியலில் அடைத்தார்கள், அந்தச் சிறையில் கிடந்துதான் செத்தார். இப்போது அவர் ஜனாதிபதிக்கு இரண்டு பக்கம் தள்ளி, நல்லவர்களோடு இருந்தார்.

"செத்து எத்தனை வருசத்துக்குப் பிறகு அண்ணை இவரை இந்தப் பக்கம் போட்டவங்கள்?"

"தெரியாது தம்பி. அது எழுதேல்லை."

"நூறு வருசம் இருக்குமே?"

"இருக்கும்."

"அம்மாடி" என்று பக்கத்தைப் புரட்டினார்.

அந்த வருடக் கடைசியில் அவரை அகதி என்று ஏற்றுக்கொண்டார்கள். மண்டபத்தில் எனக்குக் குளிர்பானம் எடுத்துத் தந்தார். இனிமேல் பாதுகாப்புச் சோதனை ஒன்றுதான், அதுவும் முடிந்தால் வெளியே. அவருடைய சட்டத்தரணி, ஓர் இளம் வெள்ளைக்காரப் பெண், அவரை அறிந்தவர்கள் யாராவது நற்சான்றுக் கடிதம் கொடுத்தால் கோப்பில் சேர்க்கலாம் என்றாள். நான் கொடுக்கிறேன் என்றேன்.

இங்கே என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பதுகளில் படிக்க வந்து, நகரசபை ஒன்றில் வரைபடம் கீறும் வேலையில் இருந்தவன் நான். ஆனால் எங்கள் ஆட்களுக்குள் எனக்கிருந்த பேர் வேறு. நல்ல இங்கிலீசுக் கடிதம் வேண்டுமா, அவரிடம் போ என்பார்கள். கிளேட்டனில் இருக்கும் மாணவர்களில் பாதிப்பேர் என் கடிதத்தோடுதான் வீடு வாடகைக்கு எடுத்தார்கள். பெற்றோல் நிலையத்தில் ராத்திரி நின்ற பெடியனை 'எரிபொருள் விநியோக முகாமைத்துவத்தில் அனுபவமுள்ளவர்' என்று எழுதியிருக்கிறேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. எங்களுக்கு ஓர் ஆளைப் பற்றிச் சொல்லச் சொன்னால் உள்ளதை உள்ளபடி சொல்ல வராது. கலியாணத் தரகரைக் கேளுங்கள், மரண அறிவித்தலைப் பாருங்கள். எல்லோரும் பிரமுகர், எல்லோரும் சமூக சேவையாளர். உயர்த்திச் சொல்வது மரியாதை, குறைத்துச் சொன்னால் அது பகை.

அவருக்கும் அப்படித்தான் எழுதினேன். வன்னியில் அவரை அறியாதவர் இல்லை. அவர் சொல்லுக்கு நூறு பேர் கட்டுப்படுவார்கள். காயப்பட்டவர்களை அப்புறப்படுத்தும் பணியை முன்னின்று வழிநடத்தினார். எழுதி முடித்து, நானே இரண்டு தரம் வாசித்து, எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன். சட்டத்தரணியிடம் காட்டவில்லை. அவளை விட எனக்கு இங்கிலீசு தெரியும் என்ற நினைப்பு. நேரே அனுப்பிவிட்டேன்.

சில வாரங்களுக்குப் பிறகு அவரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அடுத்த ஞாயிறு அதைப் பகிடியாகச் சொன்னார்.

"ஆர் அந்த நூறு பேர், உமக்கு அந்த அதிகாரத்தை ஆர் தந்தது, இயக்கமோ எண்டு கேட்டாங்கள் அண்ணை. நூறு பேரோ, என்ர மனிசியே நான் சொல்லிக் கேக்காது எண்டு சொன்னனான். மொழிபெயர்க்கிறவர் சிரிக்கேல்லை."

அந்த நூறு பேரும் என் கடிதத்தில் இருந்தவர்கள். ஒன்றும் நடவாததுபோல, "வேற என்ன கேட்டவை?" என்றேன்.

"அதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டவை."

2011 நடுவில் முடிவு வந்தது. அவர் அகதிதான், ஆனால் பாதுகாப்புக்குப் பாதகமானவர். வெளியே விட முடியாது, திருப்பி அனுப்பவும் முடியாது. காரணம் சொல்லமாட்டார்கள். எவ்வளவு காலம் என்றும் இல்லை. அவரைப்போல வேறு சிலருக்கும் அப்படி வந்தது, அவர்களுக்கு நான் கடிதம் எழுதவில்லை. அதனால் என் கடிதத்தால்தான் என்று சொல்ல முடியாது. கடிதத்தால் இல்லை என்றும் சொல்ல முடியாது. சட்டத்தரணி கடிதத்தைப் படித்துவிட்டு, எதுவாகவும் இருக்கலாம் என்றாள். என் மனைவி அவ்வளவு மரியாதை பார்க்கவில்லை.

"உங்கட இங்கிலீசைக் காட்டத்தானே எழுதினனீங்கள்" என்றாள்.

அன்று நான் சாப்பிடவில்லை. அவள் சொன்னது உண்மை. அந்த மனிதர் ஏறிக்கிடந்த தராசில் என் பெருமையையும் தூக்கி வைத்தவன் நான். இன்றைக்கும் அந்தக் கடிதத்தின் வசனங்கள் எனக்கு மனப்பாடம். மறக்க முடிந்தால் மறந்திருப்பேன்.

கடிதத்தில் கூட்டி எழுதியதை அடுத்த ஞாயிறு அவரிடம் சொல்லிவிட்டேன். கெஞ்சாத குறைதான். 

"அந்தக் கடிதத்தின்ர கொப்பியை எனக்கும் தந்தவங்கள் அண்ணை. டிக்சனரி வச்சு நான் முழுக்க வாசிச்சனான். கூடச் சொல்லியிருக்கிறீங்கள் எண்டு அப்பவே விளங்கினது."

"பிறகேன் சொல்லேல்லை?"

"என்னைப் பற்றி ஒருத்தரும் அப்பிடி எழுதினதில்லை" என்றார். "சந்தோசமா இருந்தது. பேசாமல் விட்டுட்டன்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சட்டத்தரணி திருத்தக் கடிதம் ஒன்று கேட்டாள். இந்தத் தரம் அவள் பார்த்துத்தான் போகும். வீட்டில் எழுதி, அவருக்குத் தமிழில் வாசித்துக்காட்டக் கொண்டுபோனேன். இவருக்குச் செல்வாக்கு எதுவும் இருக்கவில்லை. இவர் சொல்லுக்குக் கட்டுப்பட எவரும் இருக்கவில்லை. முன்னைய கடிதத்தில் நான் மிகைப்படுத்தினேன். இவர் ஒரு சாதாரண ஆள். ட்ராக்டர் வைத்திருந்தார். சில சமயங்களில் காயப்பட்டவர்களை ஏற்றிச் சென்றார்.

"ஓம். ஓம். அதுவும் சரி" என்று கேட்டுக்கொண்டு வந்தவர், கடைசி வசனத்தில் கையை நீட்டினார்.

"அதை வெட்டுங்கோ அண்ணை."

"அது உண்மைதானே. நீரே முதல் விசாரணையில சொன்னதுதானே."

"சொன்னதுதான். இனிச் சொல்ல வேண்டாம். சில சமயம் எண்டால் எந்தச் சமயம் எண்டு கேப்பாங்கள். ஆர் ஏத்தச் சொன்னது எண்டு கேப்பாங்கள். நான் ஒருத்தரையும் ஏத்தேல்லை. வெட்டுங்கோ."

பேனையால் வெட்டினேன். அந்த மனிதர் தன் வாழ்க்கையில் பெருமையாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். என்னிடம் கூட இரண்டு தரம்தான் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

இரண்டாவது கடிதத்தால் எதுவும் நடக்கவில்லை. கிடைத்தது என்று பதில் வந்தது. 2013இல் வேலை மாறி நான் சிட்னிக்கு, பரமட்டாவுக்குப் போகும்வரை ஞாயிறுகளில் போய்வந்தேன். அதுவரையும் அவர் அங்கேதான் இருந்தார். மகள் பெரிய பிள்ளையானதைப் போனில்தான் கேட்டார். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை எழுதுவதற்கு எனக்கு உரிமையில்லை. ஆனால் 2012இல் ஒரு ஞாயிறு நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

அன்று கோயில் ஆட்கள் கொஞ்சப்பேர் பொங்கலும் வடையும் கொண்டுவந்திருந்தார்கள். அவர்களோடு ஒரு இளம்பெண், முப்பது வயது இருக்கும், எல்லோருக்கும் வடை கொடுத்துக்கொண்டு வந்தாள். எங்கள் கதிரைக்கு வந்ததும் நின்றுவிட்டாள். அவருடைய முகத்தையே பார்த்தாள்.

"நீங்கள் ட்ராக்டர் வச்சிருந்தனீங்கள்தானே, அண்ணா?"

அவர் நிமிரவில்லை.

"என்ர அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போனது நீங்கள்தானே? சிவத்த ட்ராக்டர். வழியில ஷெல் விழுந்து வெடிக்க, எல்லாரும் குதிச்சு ஓடினவை. நீங்கள் ஓடேல்லை. அம்மாவின்ர தலையை மடியில வச்சுக்கொண்டு நான் பெட்டியில இருந்தனான்."

"இல்லைத் தங்கச்சி" என்றார். "ஆள் மாறிப்போச்சு."

"எனக்கு முகம் மறக்குமே, அண்ணா?"

"எனக்கு ட்ராக்டர் ஓடவே தெரியாது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து என் வடையைப் பார்த்தேன். இரண்டு கதிரை தள்ளிக் காவலாளி இருந்தான், தமிழ் தெரியாதவன். ஆனால் மண்டபத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். நான் என்ன சொல்ல? அவர் ஆட்களை ஏற்றிய கதையை வெட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவனே நான்தானே.

"குறை நினைக்காதேங்கோ" என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது. "அவர் உங்களை மாதிரியே இருந்தவர். அண்டைக்கு அந்த அவதியில ஒரு நன்றி கூடச் சொல்லேல்லை. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

"இருப்பார்" என்றார் அவர்.

அவள் அவருடைய கையில் இரண்டு வடை வைத்துவிட்டு அடுத்த கதிரைக்குப் போனாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மண்டபத்தின் மறுமூலைக்குப் போய், மிச்சப் பொங்கலை மூடி, மற்றவர்களோடு கதவடிக்குப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அம்மா தப்பினவவோ எண்டு கேக்கேலாமல் போச்சு, அண்ணை."

"நான் ஓடிப்போய்க் கேட்டுக்கொண்டு வரட்டே?"

மறுபடியும் கதவடியைப் பார்த்தார். அவர் ஓம் என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

"வேண்டாம்" என்றார். "ஏன் கேக்கிறீங்கள் எண்டு கேப்பா."