அம்மா ஏறிய சாட்சிக் கூண்டு

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களில் சிலர், அம்மாவிடம் பல ஆண்டுகள் முகம் கொடுத்துப் பேசாதவர்கள். அப்படியும் இன்று வந்திருக்கிறீர்கள். அம்மாவைப் பற்றி எழுதச் சொல்லி அப்பா கேட்டபோது, உங்களை நினைத்தே எழுதுவது என்று முடிவு செய்தேன். நீங்கள் அம்மாவிடம் கேட்காமலே விட்ட கேள்வி ஒன்று உண்டு. அதற்கு அம்மா ஒரே ஒரு முறை பதில் சொன்னார். சொன்ன இடம் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறை. அதனால் அம்மாவைப் பற்றி எழுதும்போது அந்தத் துறையைப் பற்றியும் எழுதியாக வேண்டும்.

கீழ்பென்னாத்தூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் அம்மா பிறந்தார். வீட்டில் இரண்டு பெண்கள், அம்மாவும் சித்தியும். இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. நடவு, களையெடுப்பு, மாடு, அடுப்பு என்று வளர்ந்தார்கள். அம்மாவை வேன் ஓட்டும் அப்பாவுக்குக் கொடுத்தார்கள். சித்தியைத் திருவண்ணாமலையில், தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் கட்டிக் கொடுத்தார்கள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது சித்தி அந்த வீட்டில் தீயில் கருகி இறந்தார்.

அடுப்பு வெடித்தது என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. இல்லை என்று போலீசில் சொன்னவர் அம்மா ஒருவர்தான். அன்று சித்தியைப் பார்க்கப் போனவர், புழக்கடை ஜன்னல் வழியாக நடந்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். வழக்கு கோர்ட்டுக்கு வந்தது. கூண்டில் ஏறிய அம்மாவிடம் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு கேள்வி கேட்டார். அதற்கு அம்மா, "நான் பாக்கல சாமி" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். சித்தியின் வீட்டுக்காரர் விடுதலையானார்.

அன்றிலிருந்து அம்மா உங்களுக்கு வேண்டாதவர் ஆனார். "கூடப் பொறந்தவளுக்கே துரோகம் பண்ணா, விலைபோயிட்டா" என்றார்கள். தாத்தா இறந்தபோது அம்மாவை வாசலோடு நிறுத்தினார்கள். அம்மா யாரிடமும் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

ஊரில் இருக்க முடியாமல் அம்மாவும் அப்பாவும் என்னைத் தூக்கிக்கொண்டு திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலுக்கு வந்தார்கள். இறந்துபோன சித்தியும் எங்களோடு வந்துவிட்டார் என்றே நான் நினைத்து வளர்ந்தேன். எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் கிடையாது. ரேஷனில் போட்டாலும் அம்மா வாங்கமாட்டார். அம்மா கேட்டுக்கொண்டதால் வீட்டின் பின்பக்க ஜன்னலை அப்பா செங்கல் வைத்து அடைத்துவிட்டார். பட்டப்பகலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பவர் சட்டென்று நிமிர்ந்து, "இரு, தோ வரேன்" என்பார். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். "யாரும்மா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல பாப்பா, நீ படி" என்பார்.

திருவண்ணாமலை தனி மாவட்டமான சமயம் எங்கள் பகுதியில் அலுவலகங்கள் வரத் தொடங்கின. அப்போதுதான் பல்கலைக்கழகம் இங்கே சட்டத்துறையைத் தொடங்கியது. முதலில் தகரக் கூரை போட்ட இரண்டு கொட்டகைகள். மழை பெய்தால் பாடம் நடத்துபவரின் குரல் கேட்காது. அந்த நேரத்தில் மாணவர்கள் சட்டப் புத்தகங்களைப் பிளாஸ்டிக் தாளால் போர்த்துவார்கள். அங்கே அம்மா துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார். துறைத்தலைவராக வந்தவர் ஒரு பெண்மணி. எல்லோரும் மேடம் என்றே அழைத்தோம். ஆங்கிலத்தில் இருந்த சட்டத்தை அவர் தமிழில் விளக்கி நடத்தினார். அதனால் செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும், வீட்டில் எழுத்தறிந்தவர்களே இல்லாத பிள்ளைகளும் துணிந்து வந்து சேர்ந்தார்கள். சனிக்கிழமைகளில் மாணவர்கள் கலெக்டர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு உட்கார்ந்து, மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் மாடிக் கட்டடம் வந்தது, நூலகம் வந்தது. முதல் வகுப்பில் ஒரே பெஞ்சில் அடங்கிய பெண்கள் பிறகு பாதி வகுப்பை நிறைத்தார்கள். இங்கே படித்தவர்கள் இன்று பல ஊர்க் கோர்ட்டுகளில் வாதாடுகிறார்கள்.

ஆனால் அந்தத் துறையின் உண்மையான பலம் என்று நான் சொல்வது அதன் மாதிரி நீதிமன்றத்தைத்தான். மாணவர்கள் வக்கீலாக நின்று கற்பனை வழக்கு ஒன்றை நடத்திப் பழகும் கூடம் அது. முதலில் மாணவர்களே சாட்சிகளாகவும் நின்றார்கள். மேடத்துக்கு அது பிடிக்கவில்லை. "நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே அவன் பதில் சொல்றான். கோர்ட்டுல வர்ற சனம் இப்படியா பேசும்?" என்றார். அதன்பிறகு துறையில் வேலை செய்பவர்களைச் சாட்சியாக நிறுத்தும் வழக்கம் வந்தது. காலையில் கதையைச் சொல்லிவிடுவார்கள். மதியம் அவர்கள் கூண்டில் ஏறித் தங்கள் வாயில் வந்தபடி பதில் சொல்லவேண்டும்.

இதில் வாட்ச்மேன் அண்ணன் பெரிய புகழ் பெற்றவர். "மாட்டைத் திருடியது யார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு மாணவர் மடக்கியபோது, "நீதானே சார் காலைல டீ வாங்கிக் குடுத்துட்டு சொன்ன?" என்று கேட்டு வழக்கையே கவிழ்த்தவர் அவர். கேன்டீன் அக்கா கூண்டில் நின்றபடியே, "சீக்கிரம் கேளு கண்ணு, உலை வெச்சிட்டு வந்திருக்கேன்" என்பார்.

எல்லோரும் ஏறினார்கள், அம்மாவைத் தவிர.

அந்தக் கூண்டு எங்கோ ஒரு பழைய கோர்ட்டில் கழித்துப் போட்டது. லாரியிலிருந்து இறக்கிய அன்று அம்மா அதைப் பார்த்துவிட்டு, துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாள் போனார். கூடத்தை மூலைமுடுக்கெல்லாம் பெருக்குவார். கூண்டுக்குள் மட்டும் கால் வைக்கமாட்டார். வெளியே நின்றபடி நீளக் கம்புத் துடைப்பத்தை உள்ளே விட்டுத் தள்ளுவார். "இன்னாக்கா, உள்ள பாம்பா கீது?" என்று கேன்டீன் அக்கா கிண்டல் செய்வார். அம்மா சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார்.

எங்கள் வீட்டில் முதலில் எழுதப் படித்தவள் நான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், "சட்டம் படி" என்றார் அம்மா. அப்பாவுக்கு ஆசிரியப் பயிற்சியில் விருப்பம். "கேள்வி கேக்கற எடத்துல எம்பொண்ணு நிக்கணும்" என்று அம்மா பிடிவாதமாக நின்றார். அம்மா பெருக்கிய வகுப்பறையில் நான் படித்தேன். அதில் எனக்கு ஒரு நாளும் வெட்கம் இருந்ததில்லை. அம்மா எங்கே வேலை செய்கிறார் என்று யாராவது கேட்டால், "எங்க டிபார்ட்மெண்ட்ல" என்பேன்.

இறுதியாண்டில் எனக்குக் கடைசி மாதிரி வழக்கு வந்தது. களத்தில் காயவைத்த வேர்க்கடலையை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டையை, ஒருவன் திருடிவிட்டான் என்பது கதை. நான் குற்றம் சாட்டப்பட்டவன் தரப்பு வக்கீல். மேடமே நீதிபதி. சாட்சியாக நிற்கவேண்டிய வாட்ச்மேன் அண்ணன் காய்ச்சலில் படுத்துவிட்டார். கேன்டீன் அக்காவுக்கு ஆள் அனுப்பலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது, கூடத்தின் வாசலிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"நான் நிக்கறேன் மேடம்."

"வேணாம்மா, உனக்குப் பழக்கமில்ல" என்றேன்.

"பழக்கந்தான்" என்றார்.

அம்மா ஏறிய விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. முதலில் படியில் ஒரு காலை வைத்தார். அங்கே ஏற்கெனவே நிற்கும் ஒருவருக்கு இடம் விடுவதுபோல் ஓரமாக ஒதுங்கி நின்றார். கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். அரசுத் தரப்பு மாணவர் கேட்டதற்கெல்லாம் சொல்லிக் கொடுத்தபடி சொன்னார். "ஆமா, வரப்புல நின்னு பாத்தேன். மல்லாட்டை மூட்டையைத் தூக்கினு போனான்." பிறகு என் முறை.

குறுக்கு விசாரணையில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வகுப்பிலேயே சொல்லிக் கொடுப்பார்கள். அதைத்தான் நானும் கேட்டேன்.

"கண்ணெதிரே நடந்ததைப் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். பார்த்திருந்தால் ஏன் தடுக்கப் போகவில்லை? போகவில்லை என்றால் நீங்கள் பார்க்கவே இல்லை, அப்படித்தானே?"

அம்மாவின் கட்டைவிரல் கைப்பிடியைத் தடவியது. கதை மறந்துவிட்டது என்று நினைத்து முன்வரிசையில் ஒரு பையன், "பயந்துட்டேன்னு சொல்லுங்க அக்கா" என்று முணுமுணுத்தான்.

"இடுப்புல கொழந்த இருந்துச்சி" என்றார் அம்மா.

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. எங்கள் கதையில் குழந்தை கிடையாது. சாட்சியை மடக்க இடம் கிடைத்துவிட்டது என்ற உற்சாகத்தில் நான் குரலை உயர்த்தினேன். "எந்தக் குழந்தை?"

"நீதான் பாப்பா."

சிரிப்பு நின்றது. அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பின்கதவு தொறந்துதான் இருந்துச்சி. நான் ஜன்னலாண்ட நிக்கறேன். அவன் கைல மண்ணெண்ண டப்பா. அவ என்னைப் பாத்துட்டா. அக்கான்னு கூப்பிட்டா. உன்னை எறக்கி வெச்சிட்டு ஓடியிருக்கணும். கை எறக்கல. உன்னை இறுக்கிப் புடிச்சிக்கிட்டு அப்படியே நின்னுட்டேன். அப்புறந்தான் தெருவுக்கு ஓடிக் கத்தினேன். அதுக்குள்ள எல்லாம் ஆயிடுச்சி. அந்த வக்கீலும் இதே கேள்வியத்தான் கேட்டாரு. கொழந்தன்னு சொன்னா, நாளைக்கு ஊரே உன்னைக் காட்டி, இதனாலதான் அவ செத்தான்னு சொல்லும். அதான் பாக்கலன்னு சொல்லிட்டேன்."

மேடம்தான் முதலில் பேசினார். பதிவு செய்யும் மாணவனைப் பார்த்து, "சாட்சி சொன்னதை அப்படியே எழுதிக்கோப்பா" என்றார். பிறகு என்னிடம், "வேற கேள்வி இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன். வேறு கேள்வி இல்லை என்றால், சாட்சி சொன்னது மறுக்கப்படாமல் நிற்கிறது என்று கோர்ட்டில் பொருள். அந்தத் துறையில் நான் கற்ற சட்டத்தில் அம்மாவுக்காகப் பயன்படுத்த முடிந்தது அந்த ஒரு சொல்தான்.

வீட்டுக்கு வரும் வழியில், "எப்பவுமே ஏறாதவ இன்னிக்கு ஏன் ஏறுன?" என்று கேட்டேன்.

"அது அதே கூண்டு பாப்பா. கைப்பிடில கட்டைவிரல் போற மாதிரி ஒரு ஓட்டை. அன்னிக்கு அதுலதான் விரலை விட்டுக்கினு நின்னேன். இத்தினி வருசமா உன் சித்தி அதுக்குள்ளயே நிக்கறா. இன்னிக்கு கேக்கறது நீ. உங்கிட்டயும் பொய் சொல்ல முடியுமா?"

"சொந்தக்காரங்ககிட்ட நான் சொல்லவா?"

"நான் இருக்கறவரைக்கும் வேணாம். அப்புறம் உன் இஷ்டம்."

மறுநாள் காலை அம்மா கூண்டுக்குள் ஏறி, குனிந்து, கைத்துடைப்பத்தால் பெருக்கினார். கேன்டீன் அக்கா பார்த்துவிட்டு, ஒரு டீயைக் கொண்டுவந்து கூண்டின் படியில் வைத்தார். அதன்பிறகு "தோ வரேன்" என்று அம்மா யாருக்கும் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அடைத்த ஜன்னலைத் திறக்க மட்டும் கடைசிவரை சம்மதிக்கவில்லை.

நான் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டு கறுப்பு அங்கியோடு வந்து நின்றபோது, அம்மா அதன் கையைத் தடவிப் பார்த்து, "சூடு ஜாஸ்தியா இருக்குமே" என்றார். அதற்குள் அவர் இதயம் பலவீனப்பட்டிருந்தது. நோயில் கிடந்த நாட்களில் என்னை இடப்பக்கமே உட்காரச் சொல்வார். அது என்னைத் தூக்கி வைத்திருந்த பக்கம் என்று பிறகுதான் புரிந்தது. அந்த இடக் கை என் மணிக்கட்டின் மேல் இருக்கும்போதே பிரிந்தார்.

அம்மாவின் நோயில் வேனை நிறுத்திவிட்டுக் கூடவே இருந்த அப்பாவுக்கும், முறை வைத்துச் சோறு கொண்டுவந்த வேங்கிக்கால் தெருப் பெண்களுக்கும், தோள் கொடுத்த வேன் ஸ்டாண்டு நண்பர்களுக்கும், மருத்துவமனையில் அம்மாவைப் பெயர் சொல்லாமல் "அம்மா" என்றே அழைத்த செவிலியர்களுக்கும் நன்றி. இறுதி ஊர்வலத்தன்று வகுப்பை நிறுத்திவிட்டு மாணவர்களோடு நடந்து வந்த மேடத்துக்கும், கேன்டீன் அக்காவுக்கும், வாட்ச்மேன் அண்ணனுக்கும் என் வணக்கம். படிக்காத ஒரு பெண் தன் சாட்சியைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்ட அந்தத் துறைக்கு நான் என்றும் கடமைப்பட்டவள்.

உறவினர்களே, அம்மாவின் பதில் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. என்னைக் காட்டிப் பேசுவதானால் பேசுங்கள். இன்று எனக்குப் பதில் பேசத் தெரியும். அன்று அந்த ஜன்னலருகே, "என்னை இறக்கி விட்டுட்டுப் போம்மா" என்று சொல்லத்தான் எனக்கு இன்னும் பேச்சு வந்திருக்கவில்லை.