மில்லிமீட்டரின் நான்காவது வரிசை

எங்கள் கடையில் அவளுக்கு மில்லிமீட்டர் என்று பெயர். வைத்தவன் நான்தான். பதினாறு வருடமாக ஜெராக்ஸ் மிஷினோடு மாரடிக்கிறவன் நான். அவளோ ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் சொகுசாக உட்கார்ந்து லேபிள் கட்டங்களை இழுப்பதும் விடுவதுமாக இருப்பாள். பார்த்தால் வயிறு எரியும். ஸ்டிக்கர் தாள் ஒன்றுக்கு முப்பது லேபிள். அதற்காகத் திரையில் போடும் கட்டத்தில், அதாவது டேபிளில், நெடுக்காக மூன்று காலம் (பத்தி), நடுவே விரல் அகலம்கூட இல்லாத இரண்டு ஒல்லிக் காலம். காலியாகத்தானே கிடக்கிறது என்று அந்த ஒல்லிகளை அழித்துவிட்டு, எழுத்தெல்லாம் ஓரத்தில் தொங்க, முகமும் தொங்க வருகிறவர்கள் வாரத்துக்கு நாலு பேராவது உண்டு.

“இடைவெளியும் கட்டம்தான் சார். அதை அழிச்சா ஸ்டிக்கர் கேக்குமா?” என்பாள். திரையின் மேலிருக்கும் ரூலரைப் பிடித்து இரண்டு இழுப்பு, அவ்வளவுதான். பிறகு வெள்ளைத் தாளில் அச்சடித்து, ஸ்டிக்கர் தாளோடு சேர்த்து ஜன்னல் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்ப்பாள். “என் கட்டம் அரை மில்லிமீட்டர் பிசகாது, அண்ணே.” தலைக்கனம்தான். ஆனால் சரக்கு இருந்தது, என்ன செய்ய?

அவளுடைய நாத்தனார் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். அங்கே இருபத்துநாலு பேரின் மாத்திரை டப்பாக்களுக்கு மாதாமாதம் லேபிள் போவது எங்கள் கடையிலிருந்துதான். பெயர், அறை எண், மாத்திரை, கடைசி வரியில் எத்தனை என்பது. புது மாத லேபிள் ஒட்டிய மறுநாள், நாத்தனார் ஒரு டப்பாவோடு ஓடி வந்தாள்.

“அண்ணி, சாயங்காலத்தோட என் வேலை போயிடும் போலிருக்கு. அரை தூக்க மாத்திரை கொடுக்க வேண்டிய தையல்கார ஐயாவுக்கு ராத்திரி ரெண்டு கொடுத்துட்டேன். மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்கவே இல்ல. இப்பதான் கண்ணு முழிச்சார், நல்லா இருக்கார். டாக்டர் பட்டியலைப் பாக்காம கொடுத்தது என் தப்புன்னு மேனேஜர் சொல்றார்.”

“லேபிள்ல என்ன இருந்துச்சு?”

“மேல ‘இரவு இரண்டு’ன்னுதான் இருக்கு. இந்த மாசம் நீங்கதான் அந்த வரியை மேல மாத்திட்டீங்கன்னு நினைச்சேன். நீங்க போட்டா சரியாத்தானே இருக்கும்?”

மில்லிமீட்டர் டப்பாவை வாங்கிப் பார்த்தாள். ஃபைலைத் திறந்தாள். நான்காவது வரிசையில் ஒருவருக்கு டாக்டர் புதிதாகக் காலை மாத்திரையும் எழுதியிருந்தார். நாலு வரி ஐந்து வரியானது. வரிசையின் உயரம் ‘எக்ஸாக்ட்லி’, அதாவது இம்மியும் மாறாது என்று பூட்டியிருந்ததால் ஐந்தாவது வரி வெட்டுப்பட்டது. மருந்து வரி மறையலாமா என்று இவள் அதை ‘அட் லீஸ்ட்’, அதாவது தேவைப்பட்டால் வளரலாம் என்று ஆக்கி இளக்கிவிட்டாள். வரிசை உப்பியது. அதற்குக் கீழே எல்லாமே ஒரு வரி இறங்கி, மேல்வீட்டுக்காரரின் கடைசி வரி கீழ்வீட்டுக்காரரின் தலையில் விழுந்தது. கடைசி ஆளான தையல்கார ஐயாவுக்கு மேலே இருந்தவரின் இரண்டு வந்தது, அவருடைய அரை காலிக் கட்டத்தில் போய் விழுந்தது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் இரவு ஒன்று என்பதால் யாருக்கும் தெரியவில்லை. அன்று ஜன்னலில் வைத்தவள் முதல் வரிசையை மட்டும் பார்த்துவிட்டு எடுத்துவிட்டாள். தன் கட்டமாயிற்றே!

நாத்தனார் முகம் கழுவப் போன நேரத்தில் நான் மெதுவாகச் சொன்னேன்: “ஃபைலைச் சரி பண்ணிட்டு கம்முனு இரு. உன்னை யாரும் கேக்கல.”

“அவளுக்கு வேலை போனா நீங்க சோறு போடுவீங்களா?” என்று சீறினாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

எழுத்தை ஒரு பாயின்ட் குறைத்தாள். கட்டத்துக்குள் இருந்த ஓரத்தைச் சுருக்கினாள். எல்லா வரிசையையும் மறுபடி இரண்டரை சென்டிமீட்டரில் பூட்டினாள். எத்தனை என்கிற வரியிலேயே அறை எண்ணையும் சேர்த்தாள், இனி நழுவினாலும் யாருடையது என்று காட்டிக்கொடுக்கும். அன்று வெள்ளைத் தாளில் அச்சடித்த பழையது, புதுசு, ஒரு ஸ்டிக்கர் தாள் மூன்றையும் எடுத்துக்கொண்டு, நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு இல்லத்துக்குக் கிளம்பினாள். ஷட்டரை இறக்கிவிட்டு நானும் போனேன்.

மேனேஜர் அறை ஜன்னலில் பழைய தாளை ஸ்டிக்கர் தாளோடு சேர்த்து ஒட்டினாற்போல் பிடித்தாள். “நாலாவது வரிசையைப் பாருங்க சார். இதை இளக்கினது நான். கீழ்வரிசையைப் பாக்காம அனுப்பினதும் நான். இவ படிச்சது நான் அச்சடிச்சதைத்தான்.” காது மட்டும் சிவந்திருந்தது.

மேனேஜர் நான்காவது வரிசையிலிருந்து கீழே விரலை ஓட்டினார். “அப்ப இனிமே உங்களை எப்படிம்மா நம்பறது?”

“நம்பாதீங்க சார். இவ பாத்து கையெழுத்து போடாம ஒரு தாள்கூட இங்க வராது.”

அவர் நாத்தனாரைப் பார்த்து, “போம்மா, டியூட்டியைப் பாரு” என்றார்.

அடுத்த மாதம் நாத்தனார் கடைக்கு வந்து தாளை ஜன்னலில் வைத்தாள். கடைசி வரிசையில் தொடங்கி, விரல் வைத்து, ஒவ்வொரு கட்டமாக மேலே போனாள். தன் தாளை இன்னொருத்தர் தொட்டாலே முறைக்கிற மில்லிமீட்டர், நாற்காலியை விட்டு எழுந்து பக்கத்தில் நின்றாள்.

“சரியா இருக்கு அண்ணி” என்று நாத்தனார் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உட்கார்ந்தாள்.